விட்டுப்போன பாகம்

என் தங்கையின் கணவரை நான் மாப்பிள்ளை என்று கூப்பிடுவேன். அவர் என்னை அக்கா என்பார். தையல் மெஷின் பழுது பார்க்கும் ஒர்க்‌ஷாப்பில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர். தங்கமான மனிதர்தான். ஆனால் அவருக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதும் கல்லில் நார் உரிப்பதும் ஒன்று. அதை மூன்றே வாரத்தில் நான் நன்றாகத் தெரிந்துகொண்டேன்.

பாடம் எதற்கு வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கனமான மெஷின்களைத் தூக்கித் தூக்கி அவருக்கு முதுகில் டிஸ்க் விலகிவிட்டது. இனிமேல் ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். உட்கார்ந்து பார்க்கிற வேலை அந்த ஒர்க்‌ஷாப்பில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, ஸ்டோர் ரூம் வேலை. உதிரி பாகங்கள் ஆங்கிலப் பட்டியலோடு வந்து இறங்குவதால் அந்த நாற்காலிக்கு ஆங்கிலப் பரீட்சை வைத்திருந்தார்கள். தேறினால் வேலை. தேறாவிட்டால் வீட்டுக்குப் போகலாம், அதுவும் எந்த வீட்டுக்கு என்று கேட்க வேண்டும், ஏனென்றால் நாங்கள் குடியிருந்தது கம்பெனி கொடுத்த வீடு.

இரண்டு அறை, ஒரு சமையலறை. முன்னறை தங்கைக்கும் மாப்பிள்ளைக்கும். பின்னறையில் நானும் அவர்களுடைய ஒரே மகளும். அவளுக்குப் பன்னிரண்டு வயது, வீட்டில் எல்லோருக்கும் வாலு. பின்னறை அலமாரியில் மேல் தட்டு வாலுவுடையது, கீழ்த் தட்டு என்னுடையது. என் கணவர் போன பிறகு பத்து நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று ஒரு பெட்டியோடு வந்தவள் நான். ஒன்பது வருடம் ஆகிவிட்டது. இந்த ஒன்பது வருடத்தில் யாரும் என்னைப் போ என்று சொன்னதில்லை. வாயைத் திறந்து இரு என்று சொன்னதும் இல்லை.

மாப்பிள்ளைக்கு வேலை போனால் ஒற்றை அறை வீடுதான் பார்க்க வேண்டியிருக்கும். ஒற்றை அறையில் மூன்று பேர் காலை நீட்டலாம். நாலாவது ஆளுக்குக் கதவுக்குப் பின்னால்தான் இடம். அதனால் யாரும் கேட்பதற்கு முன்னால் நானே முடிவு செய்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பெண்கள் விடுதியில் ஒரு கட்டில் சொல்லி வைத்தேன். பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போதே கீழ்த் தட்டிலிருந்து என் ரேடியோவையும் கம்பளிச் சட்டையையும் எடுத்துப் பெட்டிக்குள் வைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். கடைசி நாளில் அழுதுகொண்டே மூட்டை கட்டுவது எனக்குப் பிடிக்காது. யாரும் கவனிக்கவில்லை.

பாடம் நடத்த என்னை விட்டால் வீட்டில் ஆள் இல்லை. பஸ் ஸ்டாண்டில் தொலைந்த சாமான்களை எடுத்து வைக்கும் கவுண்ட்டர் என்னுடையது. ஒற்றைக் கையுறை, மூடியில்லாத டப்பா, காம்பு உடைந்த குடை என்று வருகிற எல்லாவற்றையும் ஆங்கிலத்தில்தான் பதிவேட்டில் எழுத வேண்டும். பதினாறு வருடம் எழுதியதில் எனக்குச் சாமான்களின் ஆங்கிலம் அத்துப்படி. பரீட்சையில் இலக்கணம் கிடையாது, கட்டுரை கிடையாது. பாகத்தின் பெயரைச் சொன்னால் அது எந்தப் பொருளின் பாகம் என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். இது என்ன பெரிய விஷயம் என்று நினைத்தேன்.

முதல் நாளே தெரிந்துவிட்டது. பாபின், ஷட்டில், பெல்ட் என்று மெஷினுக்குள் இருப்பதையெல்லாம் ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளுகிறவருக்கு ஒரு சட்டைக்கை ஸ்லீவ் என்று தெரியவில்லை. பூவிதழ் தெரியவில்லை. காலிலே ஷூ போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறவருக்கு அதன் அடிப்பாகம் சோல் என்று தெரியவில்லை. சொல்லிக் கொடுத்தால் தலையை ஆட்டுவார். கை கழுவிவிட்டு வந்து கேட்டால் முழிப்பார்.

அப்புறம் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். வாயால் சொன்னால் அவருக்கு ஏறாது, கழற்றினால் ஏறும். சாயங்காலம் ஆனதும் ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்துவிடுவார். குடையைக் கழற்றினார். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றினார். கெட்டிலின் பிடியைக் கழற்றியபோது தங்கை கரண்டியோடு வந்து நின்றாள். லாண்டரி வேலை முடித்து வந்து ஒரு வாய் டீ போட வழியில்லையா, இந்த வீட்டில் இன்னும் முழுசாக இருப்பது நான் ஒருத்திதான், என்னையும் பிரித்துப் போட்டுப் படியுங்கள் என்று கத்தினாள். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: கழற்றிய எதையும் அவர் பழைய நிலைமையில் திருப்பித் தரவில்லை. வருடக்கணக்காக ஆடிக்கொண்டிருந்த நாற்காலி ஆடுவதை நிறுத்தியது. கடிகாரம் நேரம் காட்டியது.

ஒவ்வொரு துண்டுக்கும் நான் ஒரு பெயர்ச் சீட்டு எழுதிக் கட்டினேன். சீட்டுக்குக் காகிதம் தேடவே வேண்டாம். மாப்பிள்ளையின் சட்டைப் பைகளிலிருந்து தங்கை துவைக்கும்போது எடுத்துப் போட்ட ஒர்க்‌ஷாப் அட்டைகள் ஒரு டப்பா நிறைய இருந்தன. முன்பக்கம் ஏதோ கிறுக்கி எண்ணெய்க் கறையாக இருக்கும், பின்பக்கம் சுத்தமாக இருக்கும். அந்தப் பின்பக்கத்தில்தான் மூன்று வாரமும் எழுதினேன். முன்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. எவ்வளவு பெரிய முட்டாள் என்று பிறகுதான் தெரிந்தது.

படிக்கப் படிக்க அவருக்கு ருசி கண்டுவிட்டது. நாம் ஊசிக்குக் காது என்கிறோம், அவர்கள் கண் என்கிறார்கள் என்று சொன்னதும் அரை மணி நேரம் ஓர் ஊசியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கெட்டிலுக்கு நமக்கு மூக்கு உண்டு, அவர்களுக்கு அது ஸ்பவுட்தான். கடிகாரத்தில் நாம் முள் வைத்தோம், அவர்கள் கை வைத்தார்கள். ஷூவுக்குள் ஒரு நாக்கு இருக்கிறது என்று கேட்டதும், பேசாமல் இருக்கிறதே, நல்ல நாக்கு என்று என்னைப் பார்க்காமல் சொன்னார். எனக்கு அது புரியாமல் இல்லை.

வாலு ஒருநாள் குறுக்கே வந்து, பெரியம்மாவுக்கு ஆங்கிலத்தில் என்ன என்று கேட்டாள். ஆன்ட்டி என்றேன். அத்தைக்கு? அதுவும் ஆன்ட்டிதான். சித்தி, மாமி எல்லோருக்கும் அதேதான். ஸ்க்ரூ ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெயர் வைத்த ஜனங்கள் இதில் இப்படிக் கஞ்சத்தனம் பண்ணிவிட்டார்களே என்று மாப்பிள்ளை நிஜமாகவே வருத்தப்பட்டார். ஆன்ட்டி என்று ஸ்டோரில் போய்க் கேட்டால் எந்த ஆன்ட்டி, என்ன சைஸ் என்று கேட்பான் என்றார்.

மூன்றாவது வாரம் நான் எதைக் கேட்டாலும் சொன்னார். ஸ்லீவ் என்றால் ஷர்ட். பெட்டல் என்றால் ஃப்ளவர். சோல் என்றால் ஷூ. வாலு நூறு கேள்வி கேட்டாள், தொண்ணூற்றாறு சரி. பரீட்சைக்குப் போகும்போது நான் தெருமுனை வரை போய் வழியனுப்பினேன். கல்யாணத்தன்று கூட அவர் இவ்வளவு சுத்தமாகச் சவரம் செய்திருக்கவில்லை.

மத்தியானம் நான் வீடு திரும்பியபோது அவர் சமையலறையில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார், முகமெல்லாம் பல். எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"ரொம்ப ஈஸிக்கா. நம்ம வேலைதான். ஒவ்வொரு வரியிலயும் மூணு பார்ட் கொடுத்து, ஒண்ண விட்டுட்டுக் கோடு போட்டிருந்தாங்க. இருபதையும் எழுதிட்டேன். கெட்டிலுக்கு அடிப்பக்கத்த விட்டுட்டாங்க, பாட்டம்னு போட்டேன்."

கோட்டில் கெட்டில் என்றல்லவா எழுதியிருக்க வேண்டும்! ஷூவுக்கு என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். சோல், ஹீல், லேஸ் மூன்றும் இருந்தன, நாக்கு இல்லை, அதைத்தான் எழுதினேன் என்றார். பூவுக்கு வேர் என்றார். சட்டைக்குப் பட்டன் என்றார். சொல்லச் சொல்ல என் முகத்தைப் பார்த்துக் கத்தியைக் கீழே வைத்தார்.

நான் போய் அந்த அட்டை டப்பாவை எடுத்து வந்து ஓர் அட்டையை முன்பக்கம் திருப்பினேன். பாபின் கேஸ், ஸ்ப்ரிங், ஸ்க்ரூ என்று ஒரு வரி. வரியின் கடைசியில் ஒரு கோடு. கோட்டின் மேல் வேறு மையில் லாட்ச். அடுத்த வரியும் அப்படித்தான். எல்லா அட்டையும் அப்படித்தான். மெஷினைப் பிரித்ததும் இருக்கிற பாகங்களை டிரேயில் பரப்பி, அட்டையில் எழுதி, எது இல்லையோ அதைக் கடைசிக் கோட்டில் எழுதி ஸ்டோருக்கு அனுப்புவதும், பாகத்தோடு அட்டை திரும்பி வருவதும் அவர்கள் வழக்கமாம். மெஷின் பெயரை எழுதுவது கிடையாதா என்று கேட்டேன்.

"மெஷின்தான் கண்ணு முன்னாடி நிக்குதேக்கா. அத எதுக்கு எழுதணும்?"

இருபத்திரண்டு வருடம் அந்தக் கோட்டைப் பார்த்த கை. தாளில் மேலே ஆங்கிலத்தில் என்ன எழுதியிருந்தது என்று அவர் பார்க்கவே இல்லை. நான் வாயாலேயே கேட்டு வாயாலேயே பதில் வாங்கியவள். தாளில் ஒரு கோடு போட்டு எழுதச் சொல்லியிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். அட்டையின் பின்பக்கத்தில் பாடம் எழுதிய அறிவாளிக்கு முன்பக்கம் கண்ணில் படவில்லை. கோபம் கோபமாக வந்தது, எல்லாம் என் மேல்தான். அவரைத் திட்ட வாயே வரவில்லை. மீதிக் கத்தரிக்காயை நான் நறுக்கினேன்.

மறுநாள் லீவு சொல்லிவிட்டு அவரை இழுத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். வேண்டாம், அவர்கள் ஒரு தடவை சொன்னால் சொன்னதுதான் என்று வழியெல்லாம் முனகிக்கொண்டே வந்தார். ஸ்டோர் மேனேஜர் என் வயதுப் பெண். முன்னால் இருபது தாள் அடுக்கியிருந்தது, மாப்பிள்ளையின் தாள் தனியாக ஓரத்தில் இருந்தது. அதில் இருபது சிவப்புப் பெருக்கல் குறி. பூஜ்யம் வாங்கியவரை எப்படி அந்த நாற்காலியில் உட்கார வைப்பது என்று அந்தம்மா அமைதியாகத்தான் கேட்டாள்.

நான் அட்டைகளை மேஜை மேல் பரப்பினேன். இதைப் பாருங்கள், அதையும் பாருங்கள் என்றேன். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். வால், ரூஃப், டோர், கோட்டில் விண்டோ. ஃபிங்கர், தம்ப், பாம், கோட்டில் நெயில். பேஜ், கவர், ஸ்பைன், கோட்டில் த்ரெட். புத்தகத்தைத் தைத்திருக்கும் நூலைக்கூட இந்த மனிதர் விடவில்லை. மேனேஜருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே விரலை இறக்கிக்கொண்டு போனவள் பதினேழாவது வரியில் நின்றாள்.

"மத்ததெல்லாம் சரி, புரியுது. இது என்ன வார்த்தை? டிக்‌ஷனரியில தேடிட்டேன், இல்ல."

தாளை என் பக்கம் திருப்பினாள். ஃபாதர், மதர், டாட்டர் என்று அச்சில் இருந்தது. அதற்குப் பக்கத்தில் கோட்டின் மேல், தப்பும் தவறுமான இங்கிலீஷ் எழுத்தில், ஒவ்வோர் எழுத்தையும் ஸ்க்ரூ முடுக்குகிற மாதிரி அழுத்தி, பெரியம்மா என்று எழுதியிருந்தது.

மாப்பிள்ளை எங்கோ சீலிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதில் சொல்லாமல் விட முடியாது, அந்தம்மா காத்துக்கொண்டிருந்தாள்.

"அது நான்தாங்க," என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். பிறகு பழையபடி மேனேஜர் ஆகிவிட்டாள். போட்ட மார்க்கைத் திருத்த முடியாது, ஆனால் கேள்வியே புரியாமல் எழுதியதால் இன்னொரு முறை எழுத விடலாம் என்றாள். அதே தாள்தான், இங்கேயே, இப்போதே, அவள் முன்னால். ஸ்டோரில் ஒரு பாகம் மாறிப் போனாலும் ஒரு மெஷின் நின்றுபோகும். அதனால் இருபதுக்குப் பதினெட்டு வந்தால்தான் வேலை. ஒன்று குறைந்தாலும் மன்னிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு என்னை வெளியே உட்காரச் சொன்னாள்.

வராந்தாவில் ஒரு பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உள்ளே யாரோ மெஷின் ஓட்டிப் பார்க்கிற சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. விடுதிக் கட்டிலைப் பற்றி நினைக்கப் பார்த்தேன், முடியவில்லை. ஒன்பது வருடமாக அந்த வீட்டில் நான் ஒட்டிக்கொண்டிருக்கிற ஆள் என்றே நினைத்திருந்தேன். அந்த மனிதர் கண்ணுக்கு நான் இல்லாத வரி குறைவுள்ள வரியாகத் தெரிந்திருக்கிறது. இது போதும், இனி எந்த ஊர்க் கட்டிலில் படுத்தாலும் தூக்கம் வரும் என்று நினைத்துக்கொண்டேன். கண்ணைத் துடைக்கக் கைக்குட்டை தேடினேன். அதுவும் பெட்டிக்குள் போயிருந்தது.

கதவு திறந்தது. மாப்பிள்ளை வெளியே வந்தார், பின்னாலேயே மேனேஜர். திங்கட்கிழமை எட்டு மணிக்கு ஸ்டோருக்கு வந்துவிட வேண்டும், முதுகுக்கு ஒரு தலையணை கொண்டு வாருங்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டுத் தாளை என் கையில் கொடுத்தாள். இருபதுக்குப் பதினெட்டு. கொஞ்சம் தவறியிருந்தால் கோவிந்தா.

தெருவுக்கு வந்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. மரத்தடியில் நின்று தாளைப் பிரித்தேன். கெட்டில், ஷூ, ஷர்ட், ஃப்ளவர், ஹவுஸ், ஹேண்ட், புக், எல்லாம் முத்து முத்தாக இருந்தது. ஸேடில், பெடல், ஸ்போக் என்ற வரியில் சைக்கிளுக்குப் பதிலாக வீல் என்று எழுதி ஒன்றைக் கோட்டைவிட்டிருந்தார். அது போகட்டும், அவசரம். பதினேழாவது வரிக்கு வந்தேன். ஃபாதர், மதர், டாட்டர். கோட்டின் மேல் மறுபடியும் அதே வார்த்தை, மறுபடியும் அதே அழுத்தம். பக்கத்தில் சிவப்புப் பெருக்கல் குறி.

எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. நடுத்தெரு என்றும் பார்க்காமல் பிடித்துக்கொண்டேன். ஃபேமிலி என்று எழுத வேண்டும் என்று உங்களுக்குத் தெரியாதா, வாலு நாலு தடவை கேட்டு நாலு தடவையும் சரியாகச் சொன்னீர்களே, இன்னும் ஒரே ஒரு மார்க் போயிருந்தால் வேலையும் போயிருக்கும் வீடும் போயிருக்கும், தெரிந்தே எதற்கு இப்படி விளையாடினீர்கள் என்று கேட்டேன். அவர் எதிர்த்துப் பேசுகிறவர் இல்லை. நான் ஓயும் வரை சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார்.

"தெரியும்க்கா. மத்ததெல்லாம் மாத்திட்டேன். இத மாத்துறதுக்குக் கை வரல."

"ஏன் வரல?"

"அலமாரியில கீழ்த்தட்டுல போன வாரத்திலேர்ந்து உங்க ரேடியோவக் காணோம். கம்பளிச் சட்டையும் காணோம். கட்டிலுக்கு அடியில பெட்டி ரெண்டு விரக்கட முன்னாடி வந்து நிக்குது." குனிந்த தலையை நிமிர்த்தாமலே சொன்னார். "என்ன இல்லன்னு பாக்குறதுதானேக்கா என் வேலை. இருக்கும்போதே எழுதி வெச்சாத்தான் போகாம இருக்கும்னு தோணுச்சு."

தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன். பஸ்ஸில் எனக்கு ஜன்னல் ஓரம் விட்டார், முதுகுவலிக்காரர் ஓரத்தில் உட்காருங்கள் என்று நான் அதட்டினேன், உட்கார்ந்தார்.

வீட்டுக்குப் போனதும் கால்கூடக் கழுவாமல் பெட்டியை வெளியே இழுத்தேன். தங்கையும் வாலுவும் வாசலில் நின்று ரிசல்ட் என்ன, ரிசல்ட் என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை அவர்களுக்குப் பதில் சொல்வதை விட்டுவிட்டுப் பின்னறைக்குள் வந்து, கீழ்த் தட்டில் திரும்ப வைக்க நான் கையில் எடுத்த ரேடியோவை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பின்பக்க மூடியில் ஒரு ஸ்க்ரூ இல்லை என்றார்.